ஆறாம் நம்பர் கிணறு

ஊரை விட்டுப் போனவர்கள்தான் ஊரை நினைத்து ஏங்குவார்கள். என் கதை தலைகீழ். திண்டிவனத்தில் சொந்த வீட்டில், வேளாவேளைக்குச் சோறும் ஃபேன் காற்றுமாக உட்கார்ந்துகொண்டு, நடுக்கடலில் துருப்பிடித்து நின்ற ஓர் இரும்பு மேடையை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கிறேன். பின்பக்கத்து நிலத்தில் காலையில் போர்வெல் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் போதும், படித்துக்கொண்டிருக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிடுவேன்.

"அங்க இருக்கும்போது வீடு வீடுன்னு போன்ல என் உயிர எடுத்தீங்க. இப்ப வீட்ல குந்திக்கினு கடலு கடலுன்னு எடுக்கறீங்க. நான் எத்தினி உயிரத்தான் வச்சிக்கினு இருக்கறது?" என்பாள் என் மனைவி. அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மும்பைக்கு மேற்கே, ஹெலிகாப்டரில் போய் இறங்கும் தூரத்தில், கடலுக்குள் நாலு கால் ஊன்றி நின்ற ஓர் எண்ணெய்க் கிணற்று பிளாட்ஃபார்மில் எனக்கு வேலை. பதினாலு நாள் கடல், பதினாலு நாள் வீடு. நான் ஷிப்ட் சூப்பர்வைசர். என்னோடு சேர்த்து அங்கே பதினோரு பேர். பிளாட்ஃபார்மும் கிழடு, அதன் கிணறுகளும் கிழடு. ஒரு காலத்தில் தானாகப் பீறிட்டு வந்த எண்ணெய், நான் போய்ச் சேர்ந்தபோது கெஞ்சிக் கூத்தாடினால்தான் வந்தது. வந்ததிலும் முக்கால்வாசி உப்புத் தண்ணீர். புதுக் கிணறு போட ரிக் கேட்டு எழுதினால், "இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்" என்று கரையிலிருந்து பதில் வரும். அந்தப் பதிலை அவர்கள் ஒரு தடவை டைப் அடித்து வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள் என்பது எங்கள் சந்தேகம்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் வளவனூர்க்காரன். அவன் வேலை கேஸ் லிஃப்ட் பார்ப்பது. பெயர்தான் பெரிதாக இருக்கிறதே தவிர, விஷயம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழகியதுதான். போரில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டால் கம்ப்ரஸர் போட்டு ஒரு குழாய் வழியாகக் காற்றை உள்ளே விடுவோம். காற்று தண்ணீரோடு கலந்து அதை லேசாக்கி இன்னொரு குழாய் வழியாக மேலே தூக்கிவரும். கடலில் காற்றுக்குப் பதில் கேஸ், தண்ணீருக்குப் பதில் எண்ணெய். முதல் நாள் நான் இதைப் பார்த்ததும், "ஏன்டா, இதுக்கா இத்தனை வருஷம் படிச்சிட்டு வந்தேன்?" என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே அறை. அவன் மேல் படுக்கை, நான் கீழ்ப் படுக்கை. அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். சாப்பாட்டு நேரத்தில் கேரளத்துச் சமையல்காரர் போடும் மீன் குழம்பை ஒரே தட்டில் கொட்டி, நடுவில் கோடு கிழித்துச் சாப்பிடுவோம். கோட்டைத் தாண்டி என் பக்கத்து மீன் அவன் பக்கம் போய்விடும். இதில் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கரும்பும் போட நிலம் இருந்தது. அவன் வீட்டுக்கு நிலம் கிடையாது. அவன் அப்பா ஊரார் நிலங்களில் கூலிக்குக் கம்ப்ரஸர் ஓட்டியவர், அவனும் ஐ.டி.ஐ. சேரும்வரை கூடவே ஓட்டியவன். கரையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு மணி நேர பஸ் தூரம். அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் கடந்ததே இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் அவன் எந்தத் தட்டில் சாப்பிடுவான் என்ற கேள்வியைச் சந்திக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. பிளாட்ஃபார்மில் அந்தக் கேள்வியே எழவில்லை. அந்த இரும்பு மேடை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் கரையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிளாட்ஃபார்மில் ஓடிக்கொண்டிருந்த கிணறுகளில் எண்ணெய் என்று சொல்லிக்கொள்ளும்படி கொடுத்தது ஆறாம் நம்பர் ஒன்றுதான். அதுவும் நின்றுவிட்டால் எல்லாக் கிணற்றையும் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டு ஆட்களைக் காலி செய்துவிடுவோம், மாத முடிவில் பார்த்து முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் இன்சார்ஜ் ஒரு வங்காளி, நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் படித்துக் காட்டிவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினோரு பேரும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு ஆறாம் நம்பரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சமையல்காரர்கூடப் போனார்.

ஆறாம் நம்பருக்கு அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு வெறும் கேஸாக இருமும், பிறகு தண்ணீராகக் கொட்டும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் பேய் பிடித்ததுபோல் ஆடும். நான் அதைப் பார்த்ததுமே வைத்தியம் சொல்லிவிட்டேன். எங்கள் நிலத்தில் போர் இப்படி இருமினால் அப்பா ஒன்றுதான் செய்யச் சொல்வார்: நிறுத்து, ரெண்டு நாள் ஊறட்டும். ஊறினால் தண்ணீர் ஏறும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம்.

"ரெண்டு நாள் மூடி வெச்சி ஊற வுடுவோம் மாப்ள" என்றேன்.

அவன் கேஜைப் பார்த்தபடி, "அது தண்ணி மாமா, இது எண்ண" என்றான்.

"பூமிக்கு அடியில எல்லாம் ஒண்ணுதான். எங்க கெணத்துல நான் பாக்காததா?"

"சரி, உன் இஷ்டம்" என்றான். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்சார்ஜிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்ததும் நான்தான். செலவில்லாத வைத்தியம் என்றதும் அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூடினோம். இரண்டு நாள் ஒவ்வொரு வேளையும் போய் மேல் அழுத்தத்தைப் பார்த்தேன், ஏறியது. பார்த்தாயா என்பதுபோல் அவனைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை டீ முடிந்ததும் பதினோரு பேரும் சுற்றி நிற்க வால்வைத் திறந்தோம். மேலே சேர்ந்திருந்த கேஸ் ஒரு பெருமூச்சு விட்டது. முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதுவதை நிறுத்திக் கெடுத்திருந்தேன்.

என்ன நடந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. வீட்டுப் போரில் ஊறுவதும் தண்ணீர், நமக்கு வேண்டியதும் தண்ணீர். இங்கே எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஓடிக்கொண்டிருந்த வரைக்கும்தான் அது ஓடும். நிறுத்தியதும் கனமான உப்புத் தண்ணீர் குழாய்க்குள் அடியில் போய் உட்கார்ந்து, பாறையிலிருந்து வரவேண்டிய எண்ணெயின் வாயை அடைத்துவிட்டது. அந்தத் தண்ணீர்த் தூணைத் தூக்கி எறிய எங்கள் பழைய கம்ப்ரஸரின் கேஸுக்குத் தெம்பு போதவில்லை. படித்த படிப்பில் இதெல்லாம் இருந்தது. அப்பாவின் நிலத்தில் நின்று யோசித்தவனுக்குப் படிப்பு ஞாபகம் வரவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். சமையல்காரர் அன்று மத்தியானம் எனக்கு இரண்டு துண்டு மீன் கூடுதலாக வைத்தார். அதைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி வைத்தேன். பதினோரு பேரின் இடத்தை நான் ஒருத்தன் வாய்ச் சவடாலில் தொலைத்துவிட்டேன் என்பது தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் முழுசாக உறைத்தது.

அவன் வழக்கம்போல் என் பக்கத்து மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ரெண்டாம் நம்பர்ல இருக்கற கேஸுக்கு நல்ல வேகம் இருக்குது மாமா" என்றான்.

ரெண்டாம் நம்பர் எண்ணெய் கொடுக்காது, வெறும் கேஸ். அதை எதற்கும் உதவாத கிணறு என்று மூடி வைத்திருந்தோம். ஆனால் அதன் அழுத்தம் எங்கள் கம்ப்ரஸரைவிடப் பெரிது. அங்கிருந்து ஆறாம் நம்பருக்கு ஒரு குழாய் இழுத்துவிட்டால்? புதுச் சாமான் கேட்டு எழுதினால் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். எப்போதோ செத்துப்போன ஒன்பதாம் நம்பர்க் கிணற்றிலிருந்து கழற்றிய குழாய்கள் கீழ்த் தளத்தில் கிடந்தன. அவற்றைத் துரு சுரண்டி, தண்ணீர் ஏற்றி அழுத்தம் தாங்குகிறதா என்று சோதித்து, ஒவ்வொரு இணைப்பாக முடுக்கி, நாலு நாளில் இரண்டுக்கும் ஆறுக்கும் பாலம் போட்டோம். எங்கள் தோள்பட்டை வலியைத் தவிர வேறு செலவில்லை. இன்சார்ஜ் சோதனைத் தாளை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரைப் பயந்தவர் என்று சொன்னேன். பயந்துகொண்டே போடும் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

வைத்தியம் இதுதான். ஆறாம் நம்பரின் வாயை மூடிவிட்டு ரெண்டாம் நம்பரின் கேஸை மேலிருந்து உள்ளே அழுத்துவது. குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைக்குள்ளேயே திருப்பித் தள்ளுவது. ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, சட்டென்று வாயைத் திறந்துவிடுவது. தூங்குகிறவனைத் தோளைப் பிடித்து உலுக்குவதுபோலத்தான். முதல் தடவை உலுக்கியபோது ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் தண்ணீர் துப்பியது. மூன்றாம் தடவை துப்பியதோடு சரி. இன்சார்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் கிணற்றுத் தலையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னோர் வாட்டி" என்றான்.

நாலாம் தடவை திறந்தபோது முதலில் தண்ணீர் வந்தது, பிறகு கேஸ், பிறகு குழாய் தொட்டதும் கையை எடுக்கும்படி சூடாக ஆரம்பித்தது. பாறையின் ஆழத்துச் சூடு. எண்ணெய் வருகிறது என்பதை அந்தச் சூட்டை வைத்தே சொல்லிவிடலாம். சாம்பிள் குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்தோம். கறுப்பாக, நுரையோடு, நாற்றமடித்துக்கொண்டு வந்தது. என் கையெல்லாம் வழிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். ஒருத்தரும் நம்பவில்லை.

நான் உடனே கேஸை முழுசாகத் திறக்கப் போனேன். வந்திருக்கிறது, விட்டுவிடக் கூடாதே என்ற அவசரம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜல்தி பண்ணாத மாமா. காத்தக் கொற. வாயையும் சுருக்கு."

"கொறைச்சா நின்னுடப் போவுது."

"நிக்காது. ஊர்ல போர் இருமுனா மொதலாளிங்க வந்து பாத்துட்டு, நிறுத்துடா ஊறட்டும்னு சொல்லிட்டுப் பூடுவாங்க. நாங்க நிறுத்த மாட்டோம். நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் பண்றது பேஜாரு. காத்தக் கொறச்சி, சிறுசா ஓட்டிக்கினே இருப்போம். தண்ணியும் வரும், போரும் சாவாது. ஊறி வந்துச்சின்னு அவுங்க நெனச்சிக்குவாங்க."

நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா நிறுத்தச் சொன்ன போர்களெல்லாம் நின்றதே இல்லையா? எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் வேதமாக நம்பிய வைத்தியம், யாரோ ஓர் ஆள் அப்பாவின் பேச்சைக் கேட்காமல் விட்டதால் பலித்ததா?

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ கேட்டியா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வால்வைத் திருப்பிக்கொண்டே சொன்னான்.

குறைத்தோம். கிணற்றின் வாயில் எண்ணெய் வெளியேறும் துவாரத்தைச் சோக் என்போம். அதை விரல் நுழையும் அளவுக்குச் சுருக்கினோம். ஒரு நாள் பொறுத்துப் பார்த்தபோது முள் ஆடாமல் நின்றது. வேகமாக உறிஞ்சியபோது எண்ணெய்க்கு அடியில் கிடந்த தண்ணீர் முந்திக்கொண்டு ஏறியிருக்கிறது. மெதுவாக உறிஞ்சியதும் அது தன் இடத்திலேயே கிடந்தது. மொத்தமாக வருவது குறைந்தது, அதில் எண்ணெய் கூடியது. மாத முடிவில் கரைக்கு அனுப்பிய தாளைப் பார்த்துவிட்டு, கேஜ் பழுதா என்று கேட்டார்கள். பழுதில்லை என்று இன்சார்ஜ் எழுதினார், எழுதியதை இரண்டாம் முறை படிக்கவில்லை. சிமென்ட் போடும் பேச்சு நின்றது. அன்று சமையல்காரர் பாயசம் வைத்தார், பாலுக்குப் பதில் பால் பவுடர். அதைவிட நல்ல பாயசத்தை நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

அதற்கப்புறம் வந்த ஏழெட்டு மாதம்தான் நான் இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கும் காலம். ஆறாம் நம்பர் பாட்டுக்கு ஓடியது. சாயங்கால டீயை அதன் பக்கத்தில் நின்றுதான் குடிப்போம். குழாயைத் தொட்டுப் பார்த்து, "ஜுரம் இருக்குது" என்று அவன் சொன்னால் எல்லாம் சரி என்று அர்த்தம். அதைத் தவிர ஆறாம் நம்பருக்கு நாங்கள் செய்தது ஒன்றுமில்லை. சும்மா இருந்தோம். சும்மா இருப்பதற்காகச் சந்தோஷப்பட்டோம். அதில்தான் வினை இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை.

கரையிலிருந்து ஓர் இளம் என்ஜினீயர் வந்தார். மரியாதையானவர். எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார், எங்களைப் பாராட்டினார், இந்த முறையை மற்றப் பழைய கிணறுகளுக்கும் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். போகும்போது ஒரு படிவத்தைக் கொடுத்து, கிணற்றை ஓட்டுகிறவர் என்ற முறையில் நான்தான் நிரப்பவேண்டும் என்றார். கடைசிக் கேள்வி, இந்தக் கிணற்றைத் தினமும் ஆள் இருந்து சரிசெய்ய வேண்டியிருக்கிறதா என்பது. ஆமாம் என்று எழுதினால் பதினோரு பேர் இருப்போம். இல்லை என்று எழுதினால், கம்பியில்லாக் கருவியை வைத்துக் கரையிலிருந்தே முள்ளைப் பார்த்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை படகில் ஆள் அனுப்பினால் போதும். அவர் அதை மறைக்கவும் இல்லை.

படிவத்தை அறைக்கு எடுத்துவந்து கீழ்ப் படுக்கையில் உட்கார்ந்தேன். அவன் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, பரீட்சையா?"

கேள்வியைப் படித்துக் காட்டினேன். "தினமும் ஆள் வேணும்னு எழுதப் போறேன். ஒரு பொய்தானே. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அவன் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"அப்டி எழுதுனா தெனம் சோக்க இத்தினி திருப்பணும்னு அவுங்க ஒரு கணக்குப் போட்டு அனுப்புவாங்க. நம்ம ஷிப்ட் இல்லாத நாள்ல எவனாச்சும் திருப்பிக்கினே இருப்பான். ஒரு மாசத்துல செத்துடும் மாமா."

"அப்போ நாம?"

"நாம எங்கனா போயி பொழச்சிக்குவோம். அது எங்க போவும்?"

ஒருமுறை அவனைக் கேட்காமல் செய்ததற்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும். இந்த முறை கேட்டுவிட்டேன், கேட்டதற்கு அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். "தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அன்று என் பேனாவிலிருந்து வந்ததைவிடச் சுத்தமான சூனியத்தை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மாதத்தில் ஆணை வந்தது. அவனுக்குக் கிழக்குக் கடலில் வேறொரு பிளாட்ஃபார்ம், எனக்குக் கரையில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலி எனக்கு ஒத்துவரவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்கே வந்துவிட்டேன். ஆறாம் நம்பர் இன்றைக்கும் ஓடுகிறது. கரையில் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு அவன் எப்போதாவது போன் செய்து சொல்வான். வீட்டுக்கு வா என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். வரேன் மாமா என்கிறான். நான் இன்னும் பஸ் ஏறி வளவனூருக்குப் போகவில்லை, போயிருக்க வேண்டியவன் நான்தான் என்பது தெரிந்தும்.

கடைசி நாள் காலை ஹெலிகாப்டருக்கு முன்னால் எல்லோரும் அவரவர் பையோடு மேல்தளத்தில் நின்றோம். அவனை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு கீழே இறங்கினேன். ஆறாம் நம்பர்ச் சோக்கின் சக்கரத்தில் கம்பியைச் சுற்றி, சமையலறையிலிருந்து வாங்கிய ஒரு பிஸ்கட் டின்னின் மூடியைக் கட்டிக்கொண்டிருந்தான். அதில் பெயின்ட்டால் பெரிய எழுத்தில், தமிழில், "தொடாதே" என்று எழுதியிருந்தது.

"யாரு மாப்ள தொடப் போறாங்க? இங்கதான் யாருமே இருக்கப் போறதில்லியே" என்றேன்.

அவன் கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றி முறுக்கினான். இறுக்கமாக இருக்கிறதா என்று மூடியை ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.

"இருக்கட்டும் மாமா" என்றான்.

மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. இருவரும் ஆளுக்கொரு தடவை குழாயைத் தொட்டோம். நல்ல சூடாக இருந்தது.